கோதாவில் மெய் சொன்ன அண்ணன்

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், எங்கள் பஸ் வண்டிகளில் நாள்தோறும் ஏறி இறங்கும் பெரியோர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

அண்ணனைப் பற்றி உங்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. எருமையைத் தோளில் போட்டுக்கொண்டு காவிரியைக் கடந்தார் என்று ராசிபுரம் சந்தையில் ஒருவர் என்னிடமே சொன்னார். நான் தங்கை என்று அவருக்குத் தெரியாது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதுவே போதிய அளவு பெரிது.

ஜேடர்பாளையத்துக்குக் கீழே காவிரிக் கரையை ஒட்டிய சிற்றூரில், பண்ணையம் பார்க்கும் குடும்பத்தில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வாழையும் கரும்பும் விளையும் வாய்க்கால் பாசன நிலம் எங்களுக்கு இருந்தது. அண்ணன் சிறு வயதில் நோஞ்சானாக இருந்தார் என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் அம்மா அப்படித்தான் சொல்வார்கள். மாரியம்மன் பண்டிகையில் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாராம்.

காவிரியில் பெருவெள்ளம் வந்த ஆண்டு அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது. நான் பாவாடை கட்டிய சிறுமி. வெள்ளம் எங்கள் வீட்டுச் சுவர்களைக் கரைத்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் நிலம் இருந்த இடத்தில் மணல்மேடு. கரும்பு நின்ற அடையாளமே இல்லை. அப்பா அந்த மணலின் மேல் நின்று, "காடு போச்சு, உடு. ஆளுக போகலையல்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. மறுவாரம் அண்ணன் ஒரு துணிமூட்டையோடு சேலத்துக்கு நடந்தார்.

செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டிகளில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. நோஞ்சான் பிள்ளை அங்கேதான் தோளும் தொடையுமாக ஆனார். மண்டிகளுக்குப் பின்னால் தாலிம்கானா என்னும் பயிற்சிக்கூடம் ஒன்று இருந்தது. கரலாக்கட்டை சுற்றுபவர்கள், தண்டால் எடுப்பவர்கள், குஸ்தி பழகுபவர்கள் எல்லோரும் மாலையில் அங்கே கூடுவார்கள். நெசவாளர், கசாப்புக்காரர், மூட்டைக்காரர், கொத்தனார் என்று எல்லாத் தொழில்காரர்களும் அந்தச் செம்மண் கோதாவில் ஒருவர் மேல் ஒருவர் புரண்டார்கள். அண்ணனும் இறங்கினார். எதற்கு என்று பின்னாளில் கேட்டேன். "மூட்டை திருப்பித் தள்ளாது அம்மிணி. மனுசன் தள்ளுவான். அது ஒரு ருசி" என்றார்.

ஒரு பங்குனி மாதம் வெளியூர்ப் பயில்வான் ஒருவர் சேலத்தில் கொட்டகை போட்டு, தன்னை மல்லாத்துகிறவர்கள் யாராவது உண்டா என்று தமுக்கடித்தார். மூட்டை இறக்கிய அழுக்கு வேட்டியோடு அண்ணன் மேடை ஏறினார். கூட்டம் சிரித்ததாம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே அந்தப் பயில்வானின் இரண்டு தோளும் மண்ணில் பட்டுவிட்டன. மறுநாள் கொட்டகைக் காண்டிராக்டர் ஒருவர் மண்டிக்கே வந்து அண்ணனை ஒப்பந்தம் பேசி அழைத்துப் போனார்.

அதன் பிறகு வந்த ஆண்டுகளை நான் சுவரொட்டிகள் வழியாகத்தான் அறிவேன். கோயமுத்தூர், பெங்களூர், சென்னைப் பட்டணம், கடல் தாண்டிக் கொழும்பு என்று அண்ணன் போனார். ஒவ்வோர் ஊர் நோட்டீசிலும் மார்புக்குக் குறுக்கே கை கட்டிய அவர் படம் இருக்கும். அம்மா அந்தப் படத்தைப் பார்த்து, "மேலுக்கு ஒரு துண்டு போட்டுக்கிட்டுப் புடிச்சிருக்கலாமல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். அவர் அனுப்பியதை வைத்து அப்பா நிலத்தின் மணலை வண்டி வண்டியாக வாரிக் கொட்டினார். மீண்டும் வாழை குலை தள்ளியது. பெங்களூரில் ஜெயித்ததற்காக ஒரு வெள்ளிக் கதாயுதம் கொடுத்தார்கள். அதை எங்கள் வீட்டுச் சாமி அறையில் வைத்தோம்.

அண்ணியைப் பெண் கேட்டுத் திருச்செங்கோட்டுப் பக்கம் போனபோது அவர்கள் வீட்டில் தயங்கினார்கள். "ஊரே பாக்க லங்கோடு கட்டிக்கிட்டு உருளறவருக்குப் பொண்ணைக் குடுக்கறதுங்களா?" என்று அண்ணியின் தகப்பனார் நேராகவே கேட்டார். உள்ளேயிருந்து அண்ணி, "உருண்டாலும் எந்திரிச்சு நிக்கறாருங்களே அப்பா" என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஒரு வாக்கியத்தை அண்ணன் கடைசி வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் கல்யாணமாகிப் போன இடத்தில் விஷக்காய்ச்சல் என் கணவரைக் கொண்டு போயிற்று. பிள்ளை இல்லை. அப்பாவும் அதற்கு முந்திய ஆண்டு தவறியிருந்தார். அண்ணன் வந்து என்னையும் அம்மாவையும் சேலத்தில் தாம் குடியிருந்த வீட்டுக்கே கூட்டிப் போனார். அங்கே இருந்ததால்தான் அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கிரேக்க நாட்டுப் பயில்வான் ஒருவர் அந்த ஆண்டு இந்தியாவில் ஊர் ஊராக ஜெயித்துக்கொண்டு வந்தார். எங்கள் காண்டிராக்டர் அவருக்கும் அண்ணனுக்கும் சேலத்தில் இரண்டு குஸ்தி பேசினார். திருமணிமுத்தாற்றங்கரையில் கொட்டகை. முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு ஒன்று. அண்ணனைத் தனியே கூப்பிட்டு அவர் சொன்னது இது: "முதல் நாள் நீங்க தோத்துடுங்கோ. அடுத்த வாரம் நீங்க ஜெயிங்கோ. ரெண்டு நாளும் கொட்டகை நிரம்பும். வெள்ளைக்காரர் சம்மதிச்சாச்சு." கொட்டகைக் குஸ்தியில் இப்படி முன்கூட்டியே பேசி வைப்பது புதிதல்ல. வெளியூர்களில் அண்ணனும் அப்படிச் செய்திருக்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. நாடகம் போல அதுவும் ஒரு வேடிக்கை என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆகவே தலையசைத்தார்.

முதல் ஞாயிறு அண்ணன் தோற்றார். ஊரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் காலை எங்கள் தாய்மாமன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவுக்கு இளையவர். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்திலேயே பண்ணையம். அண்ணனைத் தூக்கி வளர்த்தவர். உள்ளே வந்ததும் அண்ணன் முகத்தைத் தொட்டுப் பார்த்து, "சாமி, அடி கெட்டியாப் பட்டுப் போச்சா? கை காலெல்லாம் அசையுதல்ல?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க மாமா" என்றார் அண்ணன்.

மாமனுக்கு நான் மோர் கொண்டு வந்தேன். அவர் பாதமெல்லாம் புழுதி. எப்போதும் சவாரி வண்டியில் வருகிறவர். "ஏனுங்க மாமா, வண்டியை எங்கீங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நடந்துதான் வாரேன் அம்மிணி" என்று சொல்லி மோரைக் குடித்தார்.

அம்மா விடவில்லை. "எருதுக என்னாச்சு?" என்று கேட்டார்கள். மாமன் மழுப்பிப் பார்த்துப் பிறகு சொன்னார். சந்தையில் ஒரு மாட்டுத் தரகர், நம்ம ஊர்ப் பயில்வான் வெள்ளைக்காரனிடம் நிற்க முடியாது என்று பந்தயத்துக்கு இழுத்திருக்கிறார். மாமன் தன் சவாரி எருது ஜோடியைப் பந்தயம் வைத்திருக்கிறார். "எம் மருமகன் தோக்க மாட்டான்னுதானுங்க சொன்னேன். அதுல தப்பு ஒண்ணுமில்லை. குஸ்தின்னா ஜெயிப்பும் இருக்கும், தோப்பும் இருக்கும். நீ வெசனப்படாதே சாமி. நீ நல்லா இருக்கறியான்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அண்ணன் எழுந்து பின்கட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். "அம்மிணி, நான் தோக்கலை. தோக்கச் சொன்னாங்க, உழுந்தேன். அந்த மனுசன் எனக்கு அடி பட்டுதான்னு பாக்க நடந்தே வந்திருக்கறாரு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்து, நாங்கள் ஊரிலிருந்து கொண்டு வந்து சாமி அறையில் வைத்திருந்த வெள்ளிக் கதாயுதத்தைத் துண்டில் சுற்றினார். மாமனைக் கூட்டிக்கொண்டு மாட்டுத் தரகரிடம் போனார். அந்தக் கதாயுதத்தைக் கொடுத்துவிட்டு எருதுகளைத் திருப்பி வாங்கினார். தாம் பேசி வைத்துத் தோற்றதைத் தரகரிடமே சொன்னதாக மாமன் பிறகு எங்களிடம் சொன்னார். மாமனுக்கு எருதுகள் வந்ததைவிட, மருமகன் மெய்யாகத் தோற்கவில்லை என்பதில்தான் சந்தோஷம். ஆனால் அண்ணனுக்கு அது போதவில்லை. மாமனைப் போல இன்னும் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே அந்த வாரம் முழுக்க இருந்தார்.

அடுத்த ஞாயிறு மாலை கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. பெண்களுக்கென்று தட்டி மறைத்த பக்கத்தில் அண்ணியும் நானும் உட்கார்ந்திருந்தோம். கியாஸ் விளக்குகளின் கீழ் அண்ணன் கோதாவில் ஏறி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, எதிராளியிடம் போகாமல் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எல்லாருக்கும் கும்பிடுங்க. குஸ்திக்கு முன்னாடி ஒண்ணு சொல்லோணும். போன ஞாயித்துக்கெழமை நான் தோத்தது நெசமில்லீங்க. தோக்கறதாப் பேசி வெச்சிருந்தோம். இன்னைக்கு நான் ஜெயிக்கறதாப் பேச்சு. நீங்க நெசமுன்னு நம்பித்தான் காசு குடுத்தீங்க. அது தப்புங்க."

 கொட்டகையே இடிந்து விழுவது போலக் கூச்சல். "காசைத் திருப்பிக் குடு!" என்று ஒரு பக்கம். நாற்காலி ஒன்று பறந்து வந்து கோதாவின் ஓரத்தில் விழுந்தது. காண்டிராக்டர் ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். "ஐயா, என்ன காரியம் பண்றேள்! தொழிலையே குழி தோண்டிப் புதைக்கறேளே!" அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார்கள். என் வளையில்லாத கையில் அவர்கள் விரல் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது.

அண்ணன் கையை உதறவில்லை. காண்டிராக்டரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே பேசினார். "என்ற கூலி முழுசும் வாசல்ல வெச்சிருக்குதுங்க. போறவங்க அதுல வாங்கிக்கிட்டுப் போங்க. இருக்கறவங்க இருங்க. இவரு ஒத்துக்கிட்டா இன்னைக்கு நெசமாவே புடிக்கறோம். எவன் ஜெயிப்பான்னு எனக்கும் தெரியாது."

துபாஷி ஒருவர் இதையெல்லாம் மொழிபெயர்த்து அந்தக் கிரேக்கரின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேட்டு முடித்தார். தம் அங்கியைக் கழற்றி மடித்துத் துபாஷியிடம் கொடுத்தார். கோதாவின் நடுவில் வந்து அண்ணனுக்குக் கை நீட்டினார். எழுந்து வெளியே போகத் தொடங்கியிருந்தவர்கள் அப்படியே நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

அது போன்ற குஸ்தியைச் சேலம் பார்த்ததில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். வழக்கமான குட்டிக்கரணமோ, தூக்கி எறிவதோ, தொடை தட்டுவதோ எதுவும் இல்லை. இரண்டு பேரும் கழுத்தோடு கழுத்துப் பின்னி, நகராமல் நின்று, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அது வேடிக்கையாகவே இருந்திருக்காது. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. வெகு நேரம் கழித்து அண்ணனின் வலது முழங்கால் வழுக்கிற்று. கிரேக்கர் அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் இரண்டு தோளும் மண்ணில் அழுந்தின.

ஆம், அண்ணன் மெய்யாகவே தோற்றார். மேலெல்லாம் செம்மண்ணோடு எழுந்து, மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போன வாரம் தோத்தது காண்டிராக்டருங்க. இன்னைக்குத் தோத்தது நானுங்க!"

கூட்டம் இரண்டு பேரையுமே தோளில் தூக்கிற்று. வாசலில் வைத்திருந்த கூலியில் கை வைத்தவர்கள் மிகச் சிலர்தாம் என்று அம்மாவிடம் மாமன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமன் அன்று சவாரி வண்டியில் வந்திருந்தார்.

காண்டிராக்டர்கள் ஒன்று கூடி அண்ணனுக்குக் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதன் பிறகு அண்ணன் செய்த வியாபாரங்களைப் பற்றி எழுதாவிட்டால் அவரே வந்து கோபித்துக்கொள்வார். முதலில் ஒரு லேகியக் கம்பெனிக்காரர் வந்தார். டப்பாவில் அண்ணன் படம் போடுவதாகவும், சிறு வயது முதல் இந்த லேகியம் சாப்பிட்டுத்தான் இந்த உடம்பு வந்தது என்று அச்சடிக்க வேண்டும் என்றும் கேட்டார். "நான் சாப்புட்டது ராயிக் களியும் கொள்ளுப் பருப்புமுங்க. அதை வேணுமுன்னா டப்பாவுல போட்டு வித்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். பிறகு அவரே செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தார். மூட்டைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். அண்ணனே பரிமாறினார். அதுதான் கடை கெட்ட காரணம். ஒருவர் போதும் என்று சொன்னால், தமக்கு அது அவமானம் என்பது போல இன்னொரு கரண்டி வைப்பார். அடுத்த பொங்கலுக்குள் கடையை மூடினோம். அண்ணன் சிறிதும் வருத்தப்படவில்லை. "ஊரு பூராவும் நல்லாச் சாப்புட்டுது, அம்மிணி" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கிரேக்கர் எங்கள் வீடு தேடி வந்தார். அவருக்கும் காண்டிராக்டருக்கும் கூலித் தகராறு. அவர் பாதி இந்துஸ்தானியும் கையசைவுமாகப் பேச, அண்ணன் தமிழிலேயே பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் எப்படியோ எல்லாம் புரிந்தது. சொந்தக் கொட்டகை போடுவதென்று முடிவாயிற்று. அண்ணனின் நிபந்தனை ஒன்றுதான். எந்த ஜோடி பேசி வைத்த வேடிக்கை, எந்த ஜோடி மெய்க் குஸ்தி என்று நோட்டீசிலேயே அச்சடிக்க வேண்டும்.

அச்சாபீஸ்காரரே தயங்கினார். "இப்படிப் போட்டா எவனுங்க வருவான்?" என்று கேட்டார். வந்தார்கள். வேடிக்கை என்று தெரிந்து சிரிக்க வந்தார்கள். மெய் என்று தெரிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். பல ஊர்களிலிருந்தும் வந்து அங்கே தங்கியிருந்த கூலியாட்கள் வார விடுமுறை நாளில் எங்கள் கொட்டகையை நிரப்பினார்கள். திருச்செங்கோட்டுத் தேர், நாமக்கல் பண்டிகை, ஆத்தூர்ச் சந்தை என்று கொட்டகை போன இடமெல்லாம் வரவேற்பு.

பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்க அண்ணன் என்னை உட்கார வைத்தார். வெள்ளைச் சீலை கட்டியவள் முச்சந்தியில் டிக்கெட் விற்பதா என்று நம் உறவிலேயே பேச்சு வந்தது. அம்மாகூடத் தயங்கினார்கள். அண்ணன் அவர்களிடம், "மூலையில உக்காந்து என்னத்தைப் பண்ணும்? எம் தங்கச்சிக்குக் கணக்கு வரும், மனுசரை எடை போடத் தெரியும். எனக்கு அது ரெண்டும் வராது" என்றார். அவர் சொன்னது உபசாரமல்ல. எனக்கு அது ரெண்டும் வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. நான் உட்கார்ந்த பிறகு பெண்கள் பக்கத் தட்டியை இரண்டு தடவை தள்ளிக் கட்ட வேண்டியதாயிற்று.

அண்ணனின் வலது முழங்கால் அந்த இரண்டாம் ஞாயிற்றுக்குப் பிறகு ஒருபோதும் முழுதாகச் சரியாகவில்லை. சில ஆண்டுகள் தைலமும் கட்டுமாகச் சமாளித்தார். வலி கூடியதும் தாமே நோட்டீஸ் போட்டு, கடைசிக் குஸ்தி என்று அறிவித்து, நாமக்கல்லில் கோதாவை விட்டு இறங்கினார். கிரேக்கர் தம் நாட்டுக்குப் புறப்பட்டார். ரயிலடியில் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டபோது குஸ்தி தொடங்கிவிட்டதோ என்று போர்ட்டர்கள் கூடிவிட்டார்கள்.

கொட்டகையை விற்று அண்ணன் மோட்டார் வண்டி வாங்கினார். சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கு பஸ் சர்வீஸ். ராசிபுரத்துக்கு அருகே சாலையோரத்தில் வீடும் ஷெட்டும் கட்டிக் குடிபோனோம். ஆபீஸ் பொறுப்பு என்னிடம். அண்ணியும் பிள்ளைகளும் அம்மாவும் எல்லோரும் பெட்ரோல் வாசனையோடு வாழப் பழகினோம்.

வண்டி ஓடத் தொடங்கிய புதிதில் ஒரு சங்கடம் வந்தது. அதில் சம்பந்தப்பட்ட பெரியவர் இன்று நம்மிடையே அமர்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நாமக்கல் பக்கத்தில் தோட்டந்துரவு உள்ளவர், எங்களுக்கு மாமன் முறை. ஒரு நாள் வண்டியில் ஏறியவர், அவர் ஊர்ப் பண்ணையாள் ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். எழுந்து கீழே உட்காரச் சொன்னார். பண்ணையாள் எழப் போனார். அன்று அண்ணன் வண்டியில் இருந்தார்.

"உக்காருங்க" என்று பண்ணையாளின் தோளில் கை வைத்தார் அண்ணன். பெரியவரிடம் திரும்பி, "மாமா, டிக்கெட் வாங்குனவங்களுக்குச் சீட்டு இருக்குதுங்க. உங்களுக்கும் இருக்குது, இங்கே வாங்க" என்றார்.

"என்ற பண்ணையத்து ஆளு எனக்குச் சமமா உக்காரறதா? நீ கோதாவுல கண்டவங்க கூடவும் கட்டிப் பொரண்டவன். உனக்கு இது தெரியாது."

"அங்கே பொரண்டதாலதானுங்க தெரிஞ்சுது" என்றார் அண்ணன். "வேர்வை எல்லாருக்கும் ஒரே உப்புத்தானுங்க மாமா."

பெரியவர் இறங்கி நடந்தார். அவரோடு நம் உறவினர்களில் பலரும் எங்கள் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். கல்யாணப் பத்திரிகைகள்கூடக் குறைந்தன. சில மாதங்கள் வண்டி பாதி காலியாக ஓடிற்று. ஒரு வண்டியை விற்றுவிடலாமா என்று நானே கேட்டேன். "பொறுத்துப் பாப்போம். உக்காந்து போற ருசி தெரிஞ்சவங்க வருவாங்க" என்றார். அவர் சொன்னபடியே சந்தை நாட்களில் கூடைகளோடு வரிசையில் நிற்கும் கூட்டம் வளர்ந்தது. தறிக்காரர்கள், களை வெட்டுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் என்று வண்டி நிறைந்தது. அவர்கள் தந்த டிக்கெட் காசில்தான் எங்கள் சர்வீஸ் நின்றது. பின்னொரு நாள் அந்தப் பெரியவர் வீட்டில் பிரசவ ஆபத்து. அண்ணனே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் மகளைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தாயும் பிள்ளையும் நலம். வீடு திரும்பும்போது பெரியவர் எங்கள் சர்வீஸ் வண்டியில்தான் வந்தார், தம் பண்ணையாளின் பக்கத்துச் சீட்டில். இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். ஆனால் இறங்கும்போது பெரியவர் அவர் கூடையை எடுத்துக் கொடுத்ததாகக் கண்டக்டர் வந்து சொன்னார்.

உலக யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பல சர்வீஸ்கள் நின்றன. அண்ணன் வண்டியின் பின்னால் கரி அடுப்புப் பொருத்தி, கரி வாயுவில் ஓட்டினார். காலையில் அடுப்பைப் பற்ற வைத்து, காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி வாயு கிளம்பச் செய்ய வேண்டும். டிரைவர்கள் களைத்துப் போவார்கள். அண்ணன் தாமே சுற்றுவார். கரலாக்கட்டை சுற்றிய கை அல்லவா! முகமெல்லாம் கரியோடு வந்து அண்ணியிடம், "இப்ப என்னைப் பொண்ணு கேட்டு வந்தா உங்கப்பா என்ன சொல்லுவாரு?" என்று கேட்பார். ஏற்றம் வந்தால் வண்டி மூச்சு விடும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஆனாலும் யுத்தம் முடிகிறவரை எங்கள் வண்டி ஒரு சந்தையையும் தவறவிட்டதில்லை. அரிசிப் பஞ்சத்தில் ஊர் ஊராகக் கேழ்வரகு கொண்டு சேர்த்ததும் அந்த வண்டிதான்.

அந்தக் கரிப்புகை அண்ணனின் மார்பில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். நாடு சுதந்திரம் அடைந்த நாளில் வண்டிக்கெல்லாம் மாவிலை கட்டி, ஏறியவர்களை எல்லாம் இலவசமாக ஏற்றிக்கொண்டு நாமக்கல்வரை போய் வந்தவர், அதற்கடுத்த மழைக்காலத்தில் படுக்கையில் விழுந்தார். இருமல், நெஞ்சு வலி, காலில் வீக்கம். வலியைப் பற்றிக் கேட்டால், "புடி நல்ல புடிதான். ஆளு கெட்டிக்காரன்" என்று சிரிப்பார்.

படுக்கையில் விழுந்த பிறகு அவர் செய்த கடைசிக் காரியம், சர்வீஸை என் பேருக்கும் அண்ணியின் பேருக்கும் மாற்றியது. லைசென்ஸ் மாற்றும் சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்திருந்தவர், பெண்கள் பேரில் மோட்டார் சர்வீஸ் எதற்கு, மகன் பெரியவனாகும்வரை ஓர் ஆண்பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் அதைக் கேட்டு, நாற்காலியில் வைத்துத் தம்மை அங்கே தூக்கிப் போகச் சொன்னார். தூக்கிப் போனோம். அந்த ஆபீசரைப் பார்த்து மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "இந்த சர்வீஸை இத்தனை காலமா நடத்துனது எம் தங்கச்சிங்க. என்ற பேரு நோட்டீசுக்குத்தான். இப்ப நெசத்தை எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

கடைசி வாரத்தில் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அம்மிணி, நான் போன அன்னைக்கு வண்டியை நிறுத்தீராதே. சந்தைக்குப் போறவங்க ரோட்டுல நிப்பாங்க" என்றார். சரி என்றேன். அண்ணியிடம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். மாமன் வந்து காலடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு விடியற்காலையில், யாரையும் சிரமப்படுத்தாமல், அண்ணன் கண் மூடினார்.

அவரை நோயில் பார்த்துக்கொண்ட சேலம் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், தினமும் கஷாயம் வைத்துக் கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மையாருக்கும், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்து பாடையைத் தோளை விட்டு இறக்காமல் சுமந்த மூட்டைக்காரச் சகோதரர்களுக்கும், தாலிம்கானாத் தோழர்களுக்கும், வயதான காலத்தில் கொள்ளி வைத்த அண்ணன் மகனின் கையைப் பிடித்து நின்ற எங்கள் மாமனுக்கும், மனத்தாங்கலை மறந்து முன்னின்று காரியம் நடத்திய நாமக்கல் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. அன்று காலை, அண்ணன் சொன்னபடி நான் முதல் வண்டியை நிறுத்தவில்லை. சேலத்திலிருந்து நிறைய ஆட்களோடு புறப்பட்ட வண்டி எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்தபோது, உள்ளே இருந்தவர்கள் வாசலில் போட்ட பந்தலைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, கூடைகளோடும் பிள்ளைகளோடும், எல்லோருமே இறங்கி உள்ளே வந்துவிட்டார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார். அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவரோடு இருந்தவர். அவருக்கும் உள்ளே வர வேண்டும் என்று முகத்திலேயே தெரிந்தது. "வழியில ஆளுக நிப்பாங்களேங்க" என்று மட்டும் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாருமில்லாத வண்டியை நாமக்கல்லை நோக்கி ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு எங்கள் நன்றி.